மேகக்காட்டுக்குள் ஒரு குவேக்கர் பள்ளி: புதிதாகச் சேர்பவர்களுக்கு

கோஸ்ட்டா ரிக்காவின் திலரான் மலைத்தொடரில், பசிபிக் பக்கச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1400 மீட்டர் உயரத்தில் மோண்டேவெர்டே என்னும் ஊர் இருக்கிறது. 1951-இல் அங்கே குடியேறிய குவேக்கர்கள் (‘நண்பர்கள்’ என்றும் அழைக்கப்படும், போரை மறுக்கும் கிறித்தவ இயக்கத்தினர்) அதே ஆண்டில் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான் மோண்டேவெர்டே நண்பர்கள் பள்ளி. இன்று ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் கற்பிக்கும் அந்தப் பள்ளியில் குவேக்கர் குடும்பங்களின் பிள்ளைகளோடு உள்ளூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளும், காட்டை ஆராய வந்து தங்கிவிட்ட அறிவியலாளர்களின் பிள்ளைகளும், ஓரிரு ஆண்டுகள் மட்டும் தங்கிச் செல்லும் வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். ஆசிரியராகவோ, தன்னார்வலராகவோ, பெற்றோராகவோ அங்கே செல்ல எண்ணும் தமிழருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பயணச் செய்திகளைச் சுருக்கமாகவும், அங்கே மனிதர்கள் சேர்ந்து வாழும் முறையை விரிவாகவும் சொல்லப் போகிறேன். ஏனென்றால் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மௌனமாக அமர்ந்து வழிபடும் இந்த வகைக் குவேக்கர்களுக்குப் பூசாரியோ பாதிரியாரோ கிடையாது. முடிவெடுக்கும்போது வாக்கெடுப்பும் கிடையாது. அதிகாரம் ஓரிடத்தில் குவியாத அமைப்பில் பொறுப்பும் ஓரிடத்தில் குவியாது. வருகிற ஒவ்வொருவரின் பங்குக்கும் அதில் கொஞ்சம் வந்து சேரும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பங்கை எப்படி ஏற்றுக்கொள்வது என்பதைப் பற்றியவை.

முதல் படி: கிளம்புவதற்கு முன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஊரின் கதை தெரியாமல் அங்கே போய் இறங்கினால், அங்குள்ளவர்களின் பல பழக்கங்கள் வெறும் வினோதமாகத் தோன்றும். 1948-இல் அமெரிக்கா அமைதிக்கால ராணுவப் பதிவைச் சட்டமாக்கியது. அலபாமா மாநிலத்தின் ஃபேர்ஹோப் என்னும் ஊரைச் சேர்ந்த நான்கு குவேக்கர் இளைஞர்கள் அந்தப் பதிவேட்டில் பெயர் எழுத மறுத்தார்கள். போருக்குப் போக மறுப்பவர்களுக்குச் சட்டம் மாற்றுவழிகளைத் தந்திருந்தது. ஆனால் பதிவு செய்வதே போர் அமைப்பில் பங்கேற்பதாகும் என்பது அவர்களின் நிலைப்பாடு. 1949-இல் நீதிமன்றம் அவர்களுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை விதித்தது. சில மாதங்களில் அவர்கள் விடுதலையானாலும், ராணுவத்துக்காக வரி கட்டும் நாட்டில் தொடர்ந்து வாழ்வதா என்ற கேள்வி அந்தச் சிறிய சமூகத்தை விடவில்லை.

அதே காலத்தில் கோஸ்ட்டா ரிக்கா, ஒரு குறுகிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு, ஹோசே ஃபிகெரெஸ் ஃபெரெர் தலைமையில் 1948 டிசம்பர் 1 அன்று தன் ராணுவத்தைக் கலைத்தது. 1949-ஆம் ஆண்டு அரசமைப்பின் 12-ஆம் பிரிவு அதை நிலையான சட்டமாக்கியது. ராணுவம் இல்லாத நாடு ஒன்று இருக்கிறது என்று அறிந்த ஃபேர்ஹோப் குவேக்கர்களில் 11 குடும்பங்கள், மொத்தம் 44 பேர், அங்கே குடிபெயர்ந்தார்கள். மலை மேல் சுமார் 1400 ஹெக்டேர் நிலத்தைக் கூட்டாக வாங்கினார்கள். சரிவான நிலம், மோசமான பாதை. பாலைக் கீழே கொண்டுபோய் விற்க முடியாது. எனவே மாடு வளர்த்து, கெடாமல் இருக்கும் பாலாடைக்கட்டியைச் செய்து விற்பது என்று தீர்மானித்து, ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்கூடத்தை நிறுவினார்கள். அக்கம்பக்கத்துக் கோஸ்ட்டா ரிக்க விவசாயிகளும் அதற்குப் பால் கொடுத்தார்கள். பிற்காலத்தில் சுற்றுலா வளரும்வரை வட்டாரத்தின் பொருளாதாரம் அதைச் சுற்றியே இருந்தது.

நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்தபோது, ஊருக்கு மேலே இருந்த நீரூற்றுப் பகுதியில் 554 ஹெக்டேர் காட்டை யாருக்கும் ஒதுக்காமல் பொதுவில் விட்டார்கள். அது உயிரினப் பாதுகாப்பு என்ற எண்ணத்தில் செய்ததல்ல; தண்ணீருக்காகச் செய்தது. ஆனாலும் பின்னாளில் உலகம் அறிந்த மேகக்காட்டுக் காப்பகத்துக்கு அந்த ஒதுக்கீடுதான் வழி செய்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பிற்கால வாழ்க்கை முழுவதிலும் அதன் தடம் இருக்கிறது.

குவேக்கர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அல்லர் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 17-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலியோரால் தொடங்கிய இந்த இயக்கம் இன்று மிக அதிகமாகப் பரவியிருப்பது கென்யாவில். அங்கே பாட்டும் போதகரும் பிரசங்கமும் உள்ள வழிபாடுதான் வழக்கம். மோண்டேவெர்டேயில் நீங்கள் காணப்போவது மௌனத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய வழக்கம்.

இரண்டாம் படி: அனுமதியும் பெட்டியும்

சுற்றுலா அனுமதியில் சென்று ஊதியம் பெறும் வேலை செய்ய முடியாது. தன்னார்வப் பணிக்கும்கூட எந்த வகை அனுமதி பொருந்தும் என்பதைப் பள்ளியிடமும் தூதரகத்திடமும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், முன்பு போய்வந்தவர் சொன்னதை மட்டும் நம்பிப் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். கோஸ்ட்டா ரிக்க அரசுப் பள்ளிகளின் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நீங்கள் சேரும் பள்ளியின் நாட்காட்டியை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, உங்கள் பிள்ளை ஊரில் படித்த வகுப்போடு அதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

வெப்பமண்டலம் என்றதும் மெல்லிய பருத்தி ஆடைகளாக அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இந்த உயரத்தில் அது போதாது. ஊட்டி அளவுக்குக் குளிராது என்றாலும், கரீபியக் கடலிலிருந்து வரும் காற்று மலைமுகட்டில் மோதி மேகமாகத் திரண்டு ஊருக்குள் இறங்கும்போது, வெப்பமானி காட்டும் அளவைவிட உடல் அதிகமாகக் குளிரும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை உச்சத்தில் இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை பலத்த காற்றும், பக்கவாட்டில் அடிக்கும் பொடித்தூறலும் இருக்கும். குடை அந்தக் காற்றில் பயன்படாது. தலைமூடியுள்ள நல்ல மழைச்சட்டை ஒன்று, கம்பளிச் சட்டை ஒன்று, விரைவில் உலரும் துணிகள் சில, இவை போதும். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியை அங்கேயே கடைகளில் வாங்கலாம். உள்ளூர் விவசாயிகள் தினமும் அணிவது அதுதான்.

பூஞ்சணம் உங்கள் அன்றாடப் பகையாக இருக்கும். தோல்பை, தோல் இடுப்புவார், புத்தக அட்டை, கேமரா வில்லை எல்லாவற்றிலும் சில வாரங்களில் வெள்ளை படரும். பொருள்களைக் குறைவாகக் கொண்டுவருவதும், கொண்டுவந்ததை வெயில் தலைகாட்டும் நாளில் வெளியே எடுத்து வைப்பதும்தான் வழி. மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி முதலியவற்றை இறுக மூடும் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக் கன்று, விதைகள், பச்சை இலைகள் ஆகியவற்றைக் கொண்டுபோக ஆசைப்பட வேண்டாம். தாவரங்களை உள்ளே விடுவதில் அந்நாட்டுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அருகில் இருப்பது பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு மனமுவந்து கட்டுப்படுவதே முறை.

மூன்றாம் படி: வந்து சேர்ந்த முதல் வாரம்

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து பேருந்தில் வந்து, கடைகளும் வங்கியும் உள்ள சாண்டா எலெனா என்னும் சிற்றூரில் இறங்க வேண்டும். பள்ளி அங்கிருந்து காப்பகத்துக்குப் போகும் சாலையில், இன்னும் மேலே இருக்கிறது. வழி கேட்கும்போது கதவிலக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். இன்ன கடைக்கு வடக்கே 100 மீட்டர், பிறகு கிழக்கே 50 மீட்டர் என்று அடையாளங்களை வைத்தே அந்த நாட்டில் முகவரி சொல்வார்கள். நீங்கள் தங்கும் வீட்டின் முகவரியையும் அதே முறையில் ஸ்பானியத்தில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக் காகிதத்தைப் பக்கத்திலுள்ள கூடையில் போட வேண்டும். குழாய்கள் மெல்லியவை, உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும். சிறு நிலநடுக்கங்கள் அவ்வப்போது வரும். பள்ளியில் நிலநடுக்கப் பயிற்சியில் உங்களுக்கு என்ன பொறுப்பு, எந்த வகுப்பை எந்த வாசல் வழியாக அழைத்துப் போக வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்பானியம் தெரியாமலும் பள்ளிக்குள் காலம் தள்ளிவிடலாம். அதனாலேயே பலர் கற்காமல் இருந்துவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர், ஊரில் பாதிப் பேரோடு மட்டுமே வாழ முடியும். ஆசிரியர் கூட்டத்தில் பங்கெடுக்கும் உள்ளூர் ஆசிரியை தன் மொழியில் தயங்காமல் சொல்லக்கூடியதை, உங்களுக்காக ஆங்கிலத்தில் பாதி மட்டும் சொல்லி நிறுத்துவார். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கி, அங்கே போன பிறகு வாரம் இருமுறையாவது ஒருவரோடு உட்கார்ந்து பேசிப் பழகுங்கள். தமிழை அவருக்குச் சிறிது கற்பிப்பதாகச் சொன்னால், அந்தப் பழக்கம் ஒருபக்கமாக இல்லாமல் நிலைக்கும்.

நான்காம் படி: பெயர் சொல்லி அழைப்பது

குவேக்கர்கள் பட்டங்களைத் தவிர்ப்பவர்கள். தொடக்க காலத்தில் நீதிபதிக்கு முன்கூடத் தொப்பியைக் கழற்ற மறுத்து அவர்கள் சிறை சென்றதுண்டு. மனிதர் எல்லாருக்குள்ளும் இறைமையின் கூறு ஒன்று இருக்கிறது என்றால் ஒருவருக்கு மட்டும் குனிவது பொய்யாகும் என்று கருதினார்கள். அதன் தொடர்ச்சியாக, இத்தகைய பள்ளிகளில் மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள். ‘சார்’, ‘மிஸ்’, ‘டீச்சர்’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு, எட்டு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுவது முதலில் உறுத்தும். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளை, பள்ளித் தலைவரையும் தோட்ட வேலை செய்பவரையும் அதே மாதிரிதான் அழைக்கிறது.

உங்களுடன் வரும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே விளக்குங்கள். பெரியவரைப் பெயர் சொல்ல நா எழாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். சில மாதங்கள் அது எதையும் சொல்லி அழைக்காமலே பேசும், பிறகு தானாகப் பழகிக்கொள்ளும். அதே சமயம் உள்ளூர்க் கோஸ்ட்டா ரிக்கர்களிடம் பேசும்போது, முன்னிலையில் மரியாதைச் சுட்டான ‘உஸ்தெத்’ என்பதையே பயன்படுத்துங்கள். அந்த நாட்டில் பெற்றோர் பிள்ளைகளிடம்கூட அப்படிப் பேசுவது உண்டு. எதிரில் வருபவருக்கு வணக்கம் சொல்லாமல் கடந்து போவது, பேருந்தில் ஏறும்போது ஓட்டுநருக்குக் காலை வணக்கம் சொல்லாதிருப்பது ஆகியவை அங்கே உண்மையான மரியாதைக் குறைவுகள்.

ஐந்தாம் படி: மௌனக் கூட்டத்தில் அமர்வது

பள்ளிக்கு அருகிலேயே குவேக்கர்களின் கூட்ட அரங்கம் இருக்கிறது. புதன்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களோடு அங்கே கூடி மௌனமாக அமர்கிறார்கள். பள்ளியின் மற்ற எந்த நிகழ்ச்சியைக் காட்டிலும் இதற்கு நீங்கள் கவனமாகத் தயாராக வேண்டும். எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரங்கத்தில் பீடம் இருக்காது, சிலை இருக்காது, மெழுகுவத்தியோ தீர்த்தமோ இருக்காது. இருக்கைகள் ஒருவரையொருவர் பார்க்கும்படி அமைந்திருக்கும். தொடங்கிவைக்க யாரும் எழுந்து பேச மாட்டார்கள். முதலில் வந்தவர் அமரும்போதே கூட்டம் தொடங்கிவிட்டது என்று கொள்வது மரபு. எனவே சில நிமிடம் முன்னதாகவே போய், பேச்சை வாசலிலேயே முடித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். கண்ணை மூடலாம், திறந்திருக்கலாம். கையைக் கூப்ப வேண்டியதில்லை, கூப்பினாலும் தவறில்லை. நெற்றியில் திருநீறோ குங்குமமோ இட்டுக்கொண்டோ, தலையை மூடிக்கொண்டோ அமர்வதற்குத் தடையில்லை. எந்த நம்பிக்கை அறிக்கையையும் ஏற்றுச் சொல்லும்படி உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அங்கே அமர்வதுண்டு.

நேரம் போகப் போக ஒருவர் எழுந்து சில வாக்கியங்கள் சொல்லக்கூடும். படித்த ஒன்று, நேற்று நடந்த ஒன்று, மனத்தை அரிக்கும் கேள்வி, சில சமயம் ஒரு பாட்டு. அவர் அமர்ந்த பிறகு மறுபடி மௌனம். அவர் சொன்னதற்குப் பதில் சொல்லவோ, திருத்தவோ, பாராட்டிக் கைதட்டவோ கூடாது. இது விவாதம் அல்ல. அவர் சொன்னது உங்களுக்குள் ஏதாவது செய்தால், செய்யட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஒருவர் பேசி முடித்த உடனே அடுத்தவர் எழுவதும் முறையல்ல. முன்னவர் சொன்னது உள்ளே இறங்குவதற்கு இடைவெளி தர வேண்டும்.

நீங்களும் பேசலாம். புதியவர் பேசக் கூடாது என்ற விதி இல்லை. ஆனால் எழுவதற்கு முன் குவேக்கர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் உண்டு: இது எனக்கு மட்டும் வந்த எண்ணமா, எல்லாருக்கும் சொல்ல வேண்டியதா? இப்போதே சொல்ல வேண்டியதா, காத்திருக்கலாமா? பேசாமல் இருக்க முயன்றும் முடியவில்லையா? இந்தச் சோதனையைத் தாண்டியும் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, சுருக்கமாகச் சொல்லிவிட்டு அமருங்கள். ஒரே கூட்டத்தில் இரண்டாம் முறை எழாதீர்கள். கேட்பவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதற்காகத் தமிழ்ப் பாட்டைப் பாடத் தயங்க வேண்டாம். பொருளை ஓரிரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் மிகவும் கவலைப்படுவார்கள். ஐந்து வயதுக் குழந்தை நெளியும், கிசுகிசுக்கும், விளக்கைப் பார்க்கும், காலை ஆட்டும். அதை எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். சின்னஞ்சிறு குழந்தைகளைக் கூட்டம் முழுவதும் இருத்தி வைக்காமல் பாதியில் வெளியே அழைத்துச் செல்வது குவேக்கர் கூட்டங்களில் பொதுவான ஏற்பாடு. நீங்கள் ஆசிரியராக இருந்தால், பக்கத்தில் அமர்ந்து, அமைதியாக இருப்பதன் மூலமே அமைதியைக் காட்டுங்கள். விரலை உதட்டில் வைத்து அதட்டுவதும், முறைத்துப் பார்ப்பதும் மௌனத்தைத் தண்டனையாக்கிவிடும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால், அந்தக் குழந்தைக்கு அதைத் திரும்ப இனிதாக்குவது கடினம்.

அமர்வின் முடிவில் இருவர் கைகுலுக்குவார்கள். உடனே எல்லாரும் பக்கத்திலிருப்பவரோடு கைகுலுக்குவார்கள். அத்துடன் மௌனம் முடிந்தது. அதன்பின் அறிவிப்புகள் வரும். புதியவர்களைத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்படி கேட்பார்கள். பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், பள்ளியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற மூன்றும் போதும்.

முதல் சில வாரங்களில் இந்த நேரம் வீணாவதாகத் தோன்றலாம். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் தலைக்குள் ஓடும். அதை விரட்டப் பார்க்காமல் ஓடவிடுங்கள். ஒரு பருவம் முழுவதும் தவறாமல் அமர்ந்த பிறகு மட்டுமே, இது உங்களுக்கு ஒத்துவருகிறதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். மூன்று வாரத்தில் முடிவு செய்வது நியாயமாகாது.

ஆறாம் படி: வாக்கெடுப்பு இல்லாத கூட்டத்தில் பங்கெடுப்பது

பள்ளி நிர்வாகக் கூட்டமோ ஊர்க்கூட்டமோ, முடிவெடுக்கும் முறை ஒன்றுதான். அதுவும் மௌனத்தோடு தொடங்கும். கூட்டத்தை நடத்துபவர் எழுத்தர் எனப்படுவார். அவர் தலைவர் அல்லர். தம் கருத்தைத் திணிப்பது அவர் வேலையல்ல. எல்லாரும் பேசுவதைக் கேட்டு, கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் திரள்கிறது என்பதைக் கண்டுகொண்டு, அதை அங்கேயே எழுதி, உரக்கப் படித்துக்காட்டுவது அவர் கடமை. எழுதியது சரியில்லை என்றால் சொல்லலாம். எழுத்தர் திருத்தி மறுபடி படிப்பார். எல்லாரும் ஒப்பினால் அது முடிவு. ஒரு முடிவை ஏற்க முடியாதவர், தம் கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்துவிட்டு ஒதுங்கி நின்று மற்றவர்கள் தொடர இடம் தரலாம். அல்லது இதை மனச்சாட்சிப்படி அனுமதிக்கவே முடியாது என்று சொல்லலாம். அப்போது பொருளை ஒத்திவைத்து, அடுத்த கூட்டத்தில் மீண்டும் எடுப்பார்கள்.

பேச விரும்பினால் கையை உயர்த்தி எழுத்தரின் அழைப்புக்காகக் காத்திருங்கள். எதிரே இருப்பவரிடம் அல்ல, கூட்டத்தை நோக்கிப் பேசுங்கள். முன்பே ஒருவர் சொல்லிவிட்ட கருத்தை அழுத்தம் சேர்ப்பதற்காகத் திரும்பச் சொல்லாதீர்கள். ‘அவர் சொன்னதே என் எண்ணமும்’ என்பது போதும். எண்ணிக்கைக்கு இங்கே மதிப்பில்லை என்பதால் ஆள் சேர்த்துக்கொண்டு வருவதிலும் பயனில்லை. மாணவர்கள் மதிய இடைவேளையில் கைப்பேசி வைத்திருக்கலாமா என்பது போன்ற சிறிய கேள்விக்குக்கூட இரண்டு மூன்று கூட்டங்கள் ஆகலாம் என்று எதிர்பார்த்தே வாருங்கள்.

இந்தத் தாமதத்தைப் பலர் அழகாகப் புகழ்வதுண்டு. நான் அப்படி முழுக்கப் புகழ மாட்டேன். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688-இலேயே சில குவேக்கர்கள் அடிமை முறைக்கு எதிராக எழுத்தில் மறுப்புத் தெரிவித்தார்கள். அந்த வட்டாரக் குவேக்கர்களின் பொது அமைப்பான ஃபிலடெல்ஃபியா ஆண்டுக்கூட்டம், அடிமைகளை வைத்திருப்பதைத் தன் உறுப்பினர்களுக்கு முற்றாகத் தடை செய்தது 1776-இல். இடையில் 88 ஆண்டுகள். ஜான் வூல்மன் போன்றவர்கள் வீடு வீடாகப் போய், அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களோடு அமர்ந்து பேசிப் பேசி மனம் மாற்றினார்கள். அப்படி வந்த முடிவு உறுதியாக நின்றது என்பது உண்மை. அந்த 88 ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் அடிமைப்பட்டிருந்தவர்கள் என்பதும் உண்மை. எனவே, உங்களுக்கு அவசரமாகத் தோன்றும் விஷயம் ஒரு குழந்தையின் பாதுகாப்பைத் தொடுவதாக இருந்தால், கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே பொறுப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள். மற்றவற்றில் பொறுமை காட்டுங்கள்.

ஏழாம் படி: வகுப்பறையும் மனத்தாங்கல்களும்

சிறிய பள்ளியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. காலையில் வகுப்பில் கோபித்துக்கொண்ட மாணவனின் தாயை மாலையில் கடையிலும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலும் பார்ப்பீர்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே குழுவில் இருப்பது வழக்கமாதலால், பெரியவர்கள் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இயல்பாகவே நடக்கும். ஆசிரியர் அதைக் குலைக்காமல் இருந்தால் போதும். தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை ஒப்பிடும் பேச்சை, பெற்றோர்கள் தங்களுக்குள்கூடத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகும் பெற்றோருக்கு இது எளிதல்ல என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்தக் கல்விமுறை நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1928-இல் சென்னையின் பென்டிங்க் பெண்கள் பள்ளியில் பணியாற்ற இங்கிலாந்திலிருந்து வந்த மார்ஜரி சைக்ஸ், இந்தியாவில் இருந்தபோதே குவேக்கராகி, பின்னர் சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பணியில் ஈடுபட்டு, அதன்பின் நீலகிரியின் கோத்தகிரியில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். கையால் செய்யும் வேலையும் படிப்பும் பிரியாதிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் காந்தியும் குவேக்கர்களும் நெருங்கியவர்கள்.

இருவருக்குள் மனத்தாங்கல் வந்தால் மூன்றாமவரிடம் போய்ச் சொல்லாமல், சம்பந்தப்பட்டவரிடமே முதலில் பேச வேண்டும் என்பது எழுதாத விதி. சின்ன ஊரில் பேச்சு மிக வேகமாகப் பரவும். நேரில் பேச முடியாத அளவு கனமாக இருந்தால், இருவரும் நம்பும் ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள். பெரிய தனிப்பட்ட முடிவு ஒன்று உங்களை வருத்தினால் குவேக்கர்களிடம் தெளிவுக் குழு என்னும் அருமையான வழக்கம் உண்டு. நீங்கள் கேட்டுக்கொண்டால் நான்கைந்து பேர் உங்களோடு அமர்வார்கள். அவர்கள் அறிவுரை சொல்ல மாட்டார்கள், தம் அனுபவத்தை எடுத்து விரிக்க மாட்டார்கள், நேர்மையான கேள்விகளை மட்டும் கேட்பார்கள். பதில் உங்களிடமிருந்தே வர வேண்டும். உறவினர் எல்லாரும் ஆளுக்கொரு தீர்வு சொல்லும் சூழலில் வளர்ந்தவர்களுக்கு, கேள்விகளோடு மட்டும் துணையிருப்பவர்கள் எவ்வளவு பெரிய உதவி என்பது ஒருமுறை அமர்ந்தால் தெரியும்.

எட்டாம் படி: சாப்பாடு, கொண்டாட்டம், பொதுவேலை

கூட்டு உணவு நாட்களில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்துகொள்வார்கள். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல் போன்ற, காரம் குறைந்த, ஆறினாலும் சுவை கெடாத உணவைக் கொண்டுபோங்கள். என்ன சேர்த்தீர்கள் என்று ஒரு சீட்டில் இரு மொழியிலும் எழுதி வையுங்கள். சைவ உணவினர் கவலைப்பட வேண்டியதில்லை. சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்து தாளிக்கும் காயோ பின்தோ அங்கே காலை உணவு. ஆயினும் குழம்பில் கோழிச்சாறு கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செப்டம்பர் 14 மாலையில் நாடு முழுவதும் பிள்ளைகள் தாமே செய்த காகித விளக்குகளை ஏந்தி ஊர்வலம் போவார்கள். மறுநாள் விடுதலை நாள். விளக்குச் செய்யும் வேலைக்கு உதவ முன்வாருங்கள். உள்ளூர்க் குடும்பங்களோடு பழக அதைவிட நல்ல வாய்ப்பு ஆண்டில் வேறில்லை. வேலி பழுது பார்ப்பது, வண்ணம் பூசுவது, பாதையைச் சீராக்குவது போன்ற பொதுவேலைகள் நடக்கும்போது, கல்வித்தகுதியைச் சொல்லி ஒதுங்காமல் மண்வெட்டியை எடுங்கள். எந்த வேலையும் உங்களுக்குத் தெரியாவிட்டால், வேலை செய்பவர்களுக்குத் தேநீர் போடுங்கள்.

ஒன்பதாம் படி: காட்டோடு வாழ்வது

முதல் குடியேறிகள் காட்டை வெட்டித்தான் மேய்ச்சல் நிலமாக்கினார்கள். ராணுவப் பதிவை மறுத்துச் சிறை சென்ற நால்வரில் ஒருவரான வில்ஃபோர்ட் கிண்டன், ஒரு காலத்தில் இயந்திர ரம்பம் விற்றவர். அவரே 1972-இல் ஜார்ஜ் பவல் என்னும் உயிரியலாளரோடு சேர்ந்து காப்பகத்தை உருவாக்க உழைத்து, பிறகு பல ஆண்டுகள் அதன் பாதைகளைக் காத்தார். 1987-இல் ஸ்வீடனின் ஒரு சிறு கிராமப் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் காட்டுக்காகப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். பல நாட்டுப் பிள்ளைகள் தொடர, இன்று குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு 22,000 ஹெக்டேருக்கும் மேலாக விரிந்திருக்கிறது. அதே காலத்தில், உலகில் இங்கே மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. காக்கப்பட்ட காட்டுக்குள்ளேயே ஓர் இனம் மறைந்துபோனது. மாணவர்களுக்கு இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாகவே கற்பியுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்யான ஆறுதலாகவோ வெறும் துயரமாகவோ ஆகிவிடும்.

நடைமுறையில்: காட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள், போகும் பாதையைச் சொல்லிவிட்டுப் போங்கள், மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் கைவிளக்கு எப்போதும் பையில் இருக்கட்டும். காலணியை அணிவதற்கு முன் உதறுங்கள், தேள் இருக்கலாம். குவெட்சால் பறவையைப் பார்க்க விரும்பினால், காட்டு அவகாடோ மரங்கள் பழுத்திருக்கும் இடத்தைக் கேட்டு விடியற்காலையில் போங்கள். மூத்த மாணவர்களில் பலர் பறவைகளைக் குரலாலேயே அடையாளம் சொல்வார்கள். அவர்களிடம் மாணவராக இருந்து கற்றுக்கொள்வதில் ஆசிரியருக்குக் குறைவொன்றும் இல்லை.

பத்தாம் படி: புறப்படும் காலத்துக்கான ஏற்பாடு

ஓரிரு ஆண்டுகளில் போய்விடுபவர்களால் இத்தகைய பள்ளிக்கு ஒரு தொடர்ச்சியான சுமை உண்டு. பிள்ளைகள் ஒருவரோடு ஒட்டிக்கொண்ட பிறகு அவர் போய்விடுகிறார். நிரந்தரமாக வாழ்பவர்கள் மறுபடி ஒரு புதியவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே, எப்போது போவீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடமும் சக ஆசிரியர்களிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் அறிவிக்காதீர்கள். நீங்கள் நடத்திய பாடங்களின் குறிப்புகள், எந்தப் பிள்ளைக்கு எது உதவியது என்ற விவரம், பாதியில் நிற்கும் வேலைகளின் நிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்து வருபவரின் கையில் சேரும்படி பள்ளியில் ஒப்படையுங்கள். மழைச்சட்டை, ரப்பர் காலணி, சமையல் பாத்திரம் ஆகியவற்றைச் சுத்தம் செய்து உலர்த்தி விட்டுச் செல்லுங்கள். அடுத்த புதியவருக்கு முதல் வாரத்திலேயே அவை தேவைப்படும்.